செவ்வாய்க்குப் போக கோவில்பட்டியில் இறங்குங்க!

கோவில்பட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடலை மிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. கதை படிக்கிறவர் என்றால் பக்கத்து ஊரான இடைசெவலும் கி.ராஜநாராயணனும். ரயிலில் கடந்து போகிறவர்களுக்கோ, ஜன்னலுக்கு வெளியே மரம் மட்டை அதிகமில்லாமல் விரிந்து கிடக்கும் கறுப்பு நிலம். 'இனி பார்க்க ஒண்ணுமில்ல' என்று கண்ணை மூடிக்கொள்ள வசதியான இடம்.

அடுத்த முறை தூங்கிவிடாதீர்கள். அந்த நிலத்தில் கோடையில் விழும் வெடிப்புகளைப் போன்ற ஒன்றைத் தேடித்தான் செவ்வாய் கிரகத்துக்கு ரோபோ வண்டி அனுப்பிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோவில்பட்டியை மையமாக வைத்து இரண்டு நாள் சுற்றினால் நிலா, செவ்வாய், பூமி மூன்றையும் பற்றி ஒரு நல்ல பாடம் படித்துவிட்டு வரலாம். ராக்கெட் வேண்டாம், ஒரு கார் போதும்.

நிலாவுக்கு முன்னால் பாலைவனம்

வேற்றுக் கோள்களின் பாறையையும் மண்ணையும் படிக்கும் நிலவியல் மாணவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. படிக்க வேண்டிய இடத்துக்குப் போக முடியாது. அதனால் பூமியிலேயே அதைப் போன்ற இடத்தைத் தேடிப் போய், அங்கே கண்ணைப் பழக்கிக்கொள்கிறார்கள். இதுதான் களப் பயிற்சி.

இதை ஆரம்பித்து வைத்தது அப்போலோ காலம். நிலாவுக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் விமானிகள்; கல்லைப் பார்த்தால் கல் என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களை அரிசோனாவின் விண்கல் பள்ளத்துக்கும், ஹவாய், ஐஸ்லாந்து எரிமலைப் பகுதிகளுக்கும் அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினார்கள். அப்போலோ-15 குழுவுக்கு கால்டெக் பேராசிரியர் லியோன் சில்வர் கலிஃபோர்னியா மலைகளில் கிட்டத்தட்ட வாத்தியார் வேலையே பார்த்தார். பாறையைப் பார், பார்த்ததை வாயால் சொல், அப்புறம் சுத்தியலை எடு என்பதுதான் பயிற்சி.

பலன் 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி கிடைத்தது. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலாவில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தபோது, சாம்பல் தூசுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கல் மின்னியது. அது என்னவென்று பார்த்த நிமிடமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அனார்த்தோசைட் என்ற பாறை அது. 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நிலாவின் முதல் மேலோட்டின் ஒரு துண்டு. 'ஜெனிசிஸ் கல்' என்று பெயர் பெற்ற அது பூமிக்கு வந்ததற்குக் காரணம், இங்கே வெயிலில் அலைந்து பழகிய கண்கள்.

இன்றும் இந்த வழக்கம் மாறவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 'பாஞ்சேயா' என்ற பெயரில் இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயினின் லான்சரோட்டே தீவு என்று விண்வெளி வீரர்களைச் சுற்ற வைக்கிறது. ஆர்ட்டெமிஸ்-2 குழு 2024-ல் ஐஸ்லாந்தில் பயிற்சி எடுத்தது. நம் நாட்டில் விண்கல் பள்ளத்துக்கு மகாராஷ்டிராவின் லோனார், செவ்வாயில் கிடைத்த ஜாரோசைட் தாதுவுக்கு குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள மாதானோமட் என்று பெயர் பெற்ற இடங்கள் உண்டு. அந்த வரிசையில் நம் கரிசல் சீமைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். வாங்க, சுற்றிப் பார்ப்போம்.

முதல் நிறுத்தம்: காய்ந்த கண்மாய்

சித்திரையிலிருந்து ஆவணிக்குள் வந்தால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்தில் தண்ணீர் வற்றிய கண்மாய் ஏதாவது ஒன்று கண்ணில் படும். உள்ளே இறங்குங்கள். தரை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரிசல் வயலில் இந்த வெடிப்பு கை நுழையும் அகலத்துக்கும் விரியும்; ஒரு மீட்டர் ஆழம் வரைகூடப் போகும்.

பள்ளிக்கூடத்தில் 'கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது' என்று படித்திருப்போம். அது மகாராஷ்டிரா பக்கத்துக் கதை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய அந்தக் குழம்பு நம் ஊர் வரை வரவில்லை. இங்கே அடியில் இருப்பது நைஸ் போன்ற மிகப் பழைய பாறைகள். அவை வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து, சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து, நம் கரிசலாக மாறின. பாறை வேறாக இருந்தாலும் மண் ஒன்றுபோல வந்திருக்கிறது. களப் பயிற்சியின் முதல் பாடமே இதுதான்: நிறத்தைப் பார்த்துப் பிறப்பைச் சொல்லாதே.

இந்த மண்ணின் சூட்சுமம் ஸ்மெக்டைட் என்ற களிமண் வகை. சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும். மழை பெய்தால் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண் உப்பும். செருப்பில் அப்பிக்கொண்டு ஆளை நடக்க விடாது. வெயில் அடித்தால் தண்ணீர் வெளியேறிச் சுருங்கும், வெடிக்கும். மேல் மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழ, அடுத்த மழையில் எல்லாம் மூடிக்கொள்ளும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வார்கள். உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான், ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் பருத்தியும் மழை நின்ற பிறகும் தாக்குப்பிடிக்கின்றன. இந்த மானாவாரி விவசாயத்தை ஆராயவே கோவில்பட்டியில் நூறாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது.

இப்போது செவ்வாய்க்குப் போவோம். 2012 ஆகஸ்டில் கேல் என்ற பெரும் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டி, மறு ஆண்டு அங்கே ஒரு பழைய ஏரிப் படுகையின் பாறையைத் துளைத்தது. அந்தத் தூளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஸ்மெக்டைட். ஆமாம், நம் கரிசலில் இருக்கும் அதே களிமண் குடும்பம். அது உருவாகத் தண்ணீர் வேண்டும். ஆக, செவ்வாயில் தண்ணீர் நின்றிருக்கிறது.

அடுத்த கேள்வி: ஒரு தடவை நின்று வற்றிப்போனதா, வந்து வந்து போனதா? பதில் வெடிப்பில் இருக்கிறது. குனிந்து பாருங்கள். சேறு முதல் தடவை காயும்போது, புதிய வெடிப்பு ஒன்று பழைய வெடிப்பில் நேராகப் போய் முட்டி நிற்கும். தெருக்குத்து வீட்டின் எதிரே வந்து நிற்கும் தெரு மாதிரி. அதே சேறு நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்து, திரும்பக் காய்ந்தால் அந்த முனைகள் மெல்ல மெல்ல இளகி, கவட்டைக் கம்பு போல மூன்று பக்கமும் சமமாகப் பிரியும். கவட்டைகள் சேர்ந்தால் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள்.

2021-ல் கியூரியாசிட்டி எடுத்த படத்தில் தெரிந்தது அந்த அறுகோணங்கள்தான். ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர் அகலம். 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, சுமார் 360 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்திருக்கின்றன என்று சொன்னது. கட்டங்கள் சிறியவை என்பதால் மேலாக மட்டுமே காய்ந்திருக்கிறது என்றும் கணித்தார்கள். நம் கண்மாயின் பெரிய பாளங்களோ ஆழம் வரை காய்ந்ததைச் சொல்கின்றன. ஒரு ஸ்கேல் இருந்தால் நீங்களும் அளந்து பார்க்கலாம்.

அந்தக் கட்டுரையில் கரிசல்காரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எப்போதும் தண்ணீருக்குள் கிடந்தால் மூலக்கூறுகள் கரைந்து சிதறிவிடும். எப்போதும் காய்ந்தே கிடந்தால் ஒன்றோடொன்று சேர வழியே இல்லை. நனைவதும் காய்வதும் மாறி மாறி வரும் இடத்தில்தான் சிறிய மூலக்கூறுகள் நெருங்கி, கோத்துக்கொண்டு, உயிருக்குத் தேவையான பெரிய மூலக்கூறுகளாக வளர நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம். வானம் பார்த்த பூமி என்று நாம் அங்கலாய்க்கிற அதே 'பெய்தும் காய்ந்தும்' கதையில்தான் உயிரின் தொடக்கத்தைத் தேடுகிறார்கள்.

நீங்கள் கண்மாயில் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தால், ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது, "என்ன தம்பி, வெடிப்பப் போயி போட்டோ புடிக்கீக?" என்று கேட்கத்தான் செய்வார். சிரித்து நழுவாதீர்கள். "அய்யா, போன வருசம் வெடிச்ச எடத்துலயே இந்த வருசமும் வெடிக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள். கியூரியாசிட்டி படத்தை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருக்கு அது ஐம்பது அறுபது கோடைகளில் பார்த்துப் பழகிய சங்கதி.

இரண்டாவது நிறுத்தம்: கழுகுமலை

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கரிசல் சமவெளியில் திடீரென்று ஒரு ஒற்றைக் கல்மலை. முருகன் கோயில், வரிசையாகச் செதுக்கிய சமணச் சிற்பங்கள், 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். மலையை மேலிருந்து கீழே குடைந்து செதுக்கி, முடிக்காமலே விட்டுப்போன அற்புதம் அது.

சாமி கும்பிட்டு, சிற்பம் பார்த்த பிறகு ஐந்து நிமிடம் பாறையை மட்டும் பாருங்கள். கண்மாயில் 'அங்கே இருப்பது இங்கேயும் இருக்கிறது' என்று படித்தோம். இங்கே பாடம் தலைகீழ். இந்தப் பகுதியின் அடிப்பாறைகள் கிரானைட், நைஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்டம் கண்டமாக இப்படிப்பட்ட பாறை இருப்பது, நமக்குத் தெரிந்தவரை பூமியில் மட்டும்தான். நிலாவின் கரும் சமவெளிகளும் செவ்வாயின் தரையும் பெரும்பாலும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை. பாறை மறுபடி மறுபடி உருகி, அதில் தண்ணீரும் கலந்து, மேலோடு பல முறை சமைக்கப்பட்டால்தான் இவ்வளவு கிரானைட் சேரும். சிற்பி உளி வைப்பதற்கு முன்பே பூமி பல கோடி ஆண்டுகள் வேலை பார்த்த கல் இது.

மூன்றாவது நிறுத்தம்: தேரிக்காடு

மறுநாள் தெற்கே, திருச்செந்தூர் பக்கம் வண்டியை விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழி சுற்று வட்டாரத்தில் கறுப்பு மண் போய், ரத்தச் சிவப்பில் மணல் மேடுகள் வரும். நடுவே பனை, முந்திரி, உடைமரம். இதுதான் தேரி. முதல் தடவை பார்க்கிற யாரும் 'அப்படியே செவ்வாய்!' என்று சொல்லிவிடுவார்கள். போட்டோ போட்டால் நண்பர்களும் நம்புவார்கள்.

ஆனால், இங்கேதான் வாத்தியார் பிரம்பை எடுக்க வேண்டும். தேரி மணலை உள்ளங்கையில் எடுத்துக் கழுவித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு மேல்பூச்சு மட்டும்தான். ஹேமடைட் என்ற இரும்புத் துரு. உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ். செவ்வாயில் கியூரியாசிட்டி நேரில் போய்ப் பார்த்த பாக்னோல்ட் மணல் மேடுகளோ கருநிறம்; பசால்ட் மணல். செவ்வாயைச் சிவப்பாகக் காட்டுவது மேலே படிந்த தூசு. அந்தத் தூசிலும் ஹேமடைட்டைவிட, தண்ணீர் சேர்ந்த ஃபெர்ரிஹைட்ரைட் என்ற துருதான் முக்கியம் என்று 2025-ல் ஓர் ஆய்வு சொன்னது. வெயிலில் காய்ந்து சிவந்தது என்று நினைத்த செவ்வாய், குளிர்ந்த ஈரத்திலேயே சிவந்திருக்கலாம் என்று பொருள். ஒரே நிறத்துக்குள் இரண்டு கதைகள்.

காற்று மணலை எப்படிக் குவிக்கும், எந்தப் பக்கம் சரிவு மென்மையாக இருக்கும், அலை வரி எப்படி விழும் என்பதற்கெல்லாம் தேரி அருமையான பள்ளிக்கூடம். தேரிக்குள் இன்னோர் ஆச்சரியம், மணலுக்கு அடியில் தேங்கும் நல்ல தண்ணீர். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் செம்மணல் நடுவே சுனை பார்க்கலாம். மனிதர்கள் இங்கே வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்கள் என்பதற்குச் சான்று, தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கல் கருவிகள். ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

ஏற்கெனவே ஒரு முறை ஜெயித்த பாடம்

'இதெல்லாம் சுற்றுலாக் கதை, பிரயோஜனம் என்ன?' என்று கேட்பவர்களுக்குப் பதில் கரிசலில் இல்லை. வடக்கே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம். அங்கே தரைக்கு வெளியே தலைகாட்டும் வெள்ளைப் பாறை, அனார்த்தோசைட். அப்போலோ-15 கொண்டுவந்த ஜெனிசிஸ் கல்லின் இனம். வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற ஒன்று டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் பெரும் செலவு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினருக்கு சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நன்றாகத் தெரியும். அந்தப் பாறையை உடைத்து, நிலா மண்ணின் பருமனுக்கு அரைத்து, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. நிலா மேட்டுநில மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் பெற்றது.

2023 ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் என்பது நமக்குத் தெரியும். பிரக்யான் ரோவர் அங்கே தொட்டுப் பார்த்த மண் அனார்த்தோசைட் வகையோடு பெரிதும் ஒத்துப்போகிறது என்று 2024-ல் முடிவு வெளியானது. நாமக்கல் கல்லில் ஓடிப் பழகிய வண்டி, நிலாவில் அதன் ஒன்றுவிட்ட உறவுக்காரக் கல்லின் மேல் ஓடியிருக்கிறது. தன் மாவட்டத்துப் பாறையை ஒழுங்காகப் படித்து வைத்திருந்த ஒரு பல்கலைக்கழகத் துறையால் நடந்த காரியம் இது.

கரிசலுக்கு யார் வருவார்கள்?

இனி நம் தென்கோடிக்குத் திரும்புவோம். தேரிக்கு அருகிலேயே, குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேரே தெற்கே கிளம்பலாம். ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் பக்கத்து மாவட்டம்தான். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. இன்ஜின் இருக்கிறது, ஏவுதளம் வரப்போகிறது, வாத்தியார்கள் இருக்கிறார்கள். செவ்வாயின் வெடிப்பையும் கண்மாய் வெடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு வாரக் களப் பயிற்சி இங்கே நடத்த என்ன தடை? ஒரு நாள் கரிசல், ஒரு நாள் கழுகுமலை, இரண்டு நாள் தேரி, கடைசியாகச் சித்தம்பூண்டி. செலவு, கல்லூரிச் சுற்றுலாவைத் தாண்டாது.

நாள் கடத்தவும் முடியாது. கரிசலில் விவசாயத்தை விட்டுப் பிழைப்புத் தேடி வெளியூர் போன குடும்பங்கள் ஏராளம். தரிசாகும் நிலத்தையும் கண்மாயையும் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்கிறது. தேரி மணலில் இல்மனைட் என்ற டைட்டானியம் தாது இருப்பதால் அதன் மேல் தொழிற்சாலைகளுக்கும் கண் உண்டு. 2007-ல் சாத்தான்குளம் பகுதியில் டாடா ஸ்டீல் திட்டமிட்ட டைட்டானியம் ஆலை, மக்கள் எதிர்ப்பால் நின்றது. அதே இல்மனைட், அப்போலோ-11 கொண்டுவந்த நிலாப் பாறைகளிலும் நிறைய இருந்தது; அதிலிருந்து ஆக்சிஜன் எடுக்கலாமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். தேரியின் மதிப்பு டன்னுக்கு இத்தனை ரூபாய் என்பதோடு முடிந்துவிடாது என்று எடுத்துச் சொல்லவும் அதைப் படித்த ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது.

போகிறவர்களுக்கு...

வெடிப்பு பார்க்க சித்திரை முதல் ஆவணி வரை. கரிசல் பச்சை கட்டிய அழகைப் பார்க்க கார்த்திகை, மார்கழி. ஆனால் மழைக்குப் பிறகு கரிசலில் வண்டியை இறக்காதீர்கள், டிராக்டர் கூப்பிட வேண்டி வரும். தேரிக்குக் காலை 9 மணிக்கு முன்பே போய்விடுங்கள், மணல் சுடும். சில பகுதிகள் வனத்துறை வசம் இருப்பதால் விசாரித்துவிட்டு உள்ளே செல்லுங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு ஸ்கேல், ஒரு காந்தம் கையில் இருக்கட்டும். காந்தத்தைத் தேரி மணலில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகள்களைப் பார்த்துப் பிள்ளைகள் குதிப்பார்கள். வயலிலும் கண்மாயிலும் இறங்குமுன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய். இரண்டையும் மறக்க வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் மொபைலில் நாசா வெளியிட்ட செவ்வாய் வெடிப்புப் படத்தையும், நீங்கள் எடுத்த கண்மாய்ப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். தெருக்குத்து எத்தனை, கவட்டை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்த பிள்ளை, கோவில்பட்டியைத் தாண்டும்போது இனிமேல் ஜன்னலோர சீட்டைத்தான் கேட்கும்.